தும்பாட்டில் கேட்ட நாயனம்

"கிளந்தானுக்குப் போறேன்" என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "அங்க என்ன இருக்கு?" என்பதுதான். கடல் இருக்கிறது, பூடு இருக்கிறது, சங்குப்பூ போட்டு வேகவைத்த நீலச் சோறு இருக்கிறது என்று அடுக்கினேன். பாட்டு இருக்கிறது என்று சொல்ல அப்போது எனக்கே தெரியாது.

போன காரணம் ஒரு கல்யாணம். பாசிர் கூடாங்கில் என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவருக்குச் சொந்த ஊர் தும்பாட் பக்கம். அவருடைய தங்கைக்குத் திருமணம். பத்து வருடமாக நானும் அவரும் ஒரே காரில் வேலைக்குப் போய் வருகிறோம். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்வது போலவே பாட்டையும் பங்கு போட்டுக்கொண்டோம். காலையில் போகும்போது அவருடைய பாட்டு, மாலையில் திரும்பும்போது என்னுடையது. அவர் 1980களின் மலாய் ராக் பைத்தியம். 'சர்ச்', 'விங்ஸ்' தவிர வேறெதுவும் காதில் ஏறாது. நான் இளையராஜா ஆள். பத்து வருடத்தில் என் பாட்டுகளில் ஒரு முப்பதுக்கு அவர் விசிலடிப்பார். எனக்கு 'இசபெல்லா' மனப்பாடம். அதற்கு மேல் இருவரும் ஓர் அடி நகரவில்லை.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் கைப்பேசிச் செயலி, நாம் அதிகம் கேட்ட பாட்டுகளைப் பட்டியல் போட்டுக் காட்டுகிறது அல்லவா, என் பட்டியல் மூன்று வருடமாக ஏறக்குறைய ஒன்றேதான். "அப்பா, போன வருஷத்துப் படத்தையே திரும்பக் காட்டுது போல" என்று என் மகன் சிரித்தான். அவனுக்குப் பதினான்கு வயது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுட்டது.

பரீட்சை என்று மகன் வரவில்லை. அவனுக்குத் துணையாக மனைவியும் வீட்டிலேயே இருந்துகொண்டார். நான் மட்டும் ஜொகூர் பாருவில் இரவு ரயில் ஏறினேன். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் அந்தக் கிழக்குக்கரைப் பாதையை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. 1931-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ஒற்றைத் தடம் அது. ஜப்பானியர் காலத்தில் இந்தத் தண்டவாளத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது நம் வீடுகளில் இன்னும் பேசப்படும் கதை. இந்த இரும்பும் அங்கே போயிற்று என்பது எனக்கு ரயில் ஏறுவதற்கு முதல் வாரம்தான் தெரிந்தது.

விடியும்போது குவா மூசாங். சுண்ணாம்புக் குன்றுகள் பனிக்குள் நிற்க, ரயில் மெல்ல ஊர்ந்தது. டாபோங் தாண்டியதும் பள்ளிப் பிள்ளைகளும் கூடைக்காரப் பெண்களும் ஏறி இறங்கினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஐம்பது வருடம் இந்த நாட்டில் மலாய் பேசியவன் நான். கிளந்தான் பேச்சு வேறு. 'நான்' என்பதற்கு 'அம்பொ', 'நீங்கள்' என்பதற்கு 'டெமொ'. கடைசி 'ஆ' எல்லாம் 'ஓ' ஆகிவிடும். வக்காப் பாரு நிலையத்தில் நண்பர் காத்திருந்தார். வீட்டு வாசலில் அவர் தன் அப்பாவை "ஆயோ!" என்று கூப்பிட்டபோது, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று திடுக்கிட்டேன்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாப்பாடு அருமை, வெயில் கொடுமை. ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பாப் பாட்டு.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நண்பரின் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அதிகம் பேசாதவர். பேச்சுவாக்கில் நண்பர் சொன்னார்: "அபாங், ஆயோ முன்னாடி வாயாங் கூலிட்டில் செருனாய் வாசிப்பார்."

பத்து வருடம். எத்தனையோ போக்குவரத்து நெரிசல். ஒரு நாளும் இதை அவர் சொன்னதில்லை.

வாயாங் கூலிட் என்றால் தோல்பாவைக் கூத்து என்பது நமக்குத் தெரியும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் அதில் இசை இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. "செருனாய் என்றால் எப்படி இருக்கும், பாக் சிக்? பார்க்கலாமா?" என்று கேட்டேன். பெரியவர் மகனை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம். பழைய பத்திக் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பாயில் வைத்துப் பிரித்தார்.

நாயனம்!

அளவில் சின்னது. நம் நாயனத்தின் பாதி நீளம்கூட இருக்காது. ஆனால் அதே கூம்பு உடல், அடியில் அதே விரிந்த வாய், வரிசையாகத் துளைகள். முன்பக்கம் ஏழு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. உதடு பதியும் இடத்தில் சிரட்டையில் செதுக்கிய ஒரு வட்டத் தகடு, அது நம்மிடம் இல்லாதது. பெயரைச் சொல்லிப் பாருங்கள்: செருனாய். வடக்கே ஷெனாய், பாரசீகத்தில் சுர்னாய். கப்பலேறி வந்த குடும்பம். நம் நாயனமும் அதன் பங்காளிதான்.

"வாசியுங்களேன்" என்றேன். அவர் சீவாளியைக் காட்டினார். நம்முடையதில் இரட்டை நாக்கு. இவர்களுடையதில் ஓலையை நான்கு அடுக்காக வைத்துக் கட்டுகிறார்கள். அது காய்ந்து, நுனி உதிர்ந்து, சருகாகியிருந்தது. இருந்தாலும் வாயில் வைத்து ஈரப்படுத்தி ஊதிப் பார்த்தார். வெறும் காற்று. இன்னொரு முறை. காற்றுதான். துணியால் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தேன். "எங்கள் ஊர் செருனாய் கேளுங்கள், பாக் சிக்" என்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், அதை நானே முழுசாகக் கேட்டதில்லை. பெரியப்பா சாகும் வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பெரியவர் சுற்றுவதை நிறுத்தினார். கைப்பேசியை வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டார். மூன்று, நான்கு நிமிடம் இருக்கும். பழைய பதிவு, கரகரப்பு அதிகம். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"இவர் மூச்சு விடுகிறாரே? ஏன்?"

எனக்குப் புரியவில்லை. அவர் கன்னத்தை உப்பிக் காட்டினார். செருனாய்க்காரர் வாசிக்கும்போது நிறுத்தி மூச்சு வாங்குவதில்லை. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுக்கிறார். ஒரு பாட்டு தொடங்கினால் முடியும்வரை ஒலி அறாது. கற்றுக்கொள்ளும் பையன்களைத் தண்ணீர்க் குவளையில் குழல் வைத்து ஊதச் சொல்வார்களாம். குமிழி நிற்கக் கூடாது. "இவ்வளவு பெரிய ஆள், இவருக்கு அது தெரியாதா?" என்று கேட்டார் பெரியவர். ஏளனமில்லை, உண்மையான கவலை.

நம் பக்கத்தில் ஒலி அறாமல் பார்த்துக்கொள்வது ஒத்துக்காரர் வேலை. அவர் பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதுவார். இப்போது சுருதிப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. நாயனக்காரர் அதன் மேல் நிறுத்தி, விட்டு, யோசித்து வாசிக்கலாம். எனக்குத் தெரிந்த மலாயில் இதைச் சொன்னேன். பெரியவர் யோசித்தார். "அப்படியென்றால் அந்த இடைவெளியும் பாட்டுதான்" என்றார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

அன்றிரவு பக்கத்துக் கம்பத்தில் கூத்து இருப்பதாக நண்பர் சொன்னார். என்னை அழைத்துப் போகிறேன் என்றார். பெரியவர் வரவில்லை, முதுகு வலி என்றார்.

தென்னந்தோப்பு ஓரம் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய சின்னப் பலகைக் குடில். அதுதான் 'பங்கோங்'. முன்பக்கம் வெள்ளைத் திரை, உள்ளே ஒரு விளக்கு. திரைக்குப் பின்னால் 'டாலாங்' என்ற கூத்துக்காரர் தனியாக உட்கார்ந்து அத்தனை பாவைகளையும் ஆட்டுகிறார், அத்தனை குரலும் அவரே. அவருக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வாத்தியக்காரர்கள். தரையில் பாய், குழந்தைகள், கிழவர்கள், கச்சான் விற்பவர். நாற்பது ஐம்பது பேர் இருக்கலாம்.

தொடங்கியதும் என் முதல் எண்ணம்: சத்தம். மரியாதைக்காக வேறு வார்த்தை தேடுகிறேன், கிடைக்கவில்லை. கெடோம்பாக், கெடுக், கெண்டாங் என்று மூன்று வகை மத்தளம், ஒவ்வொன்றும் ஜோடி. தொங்கும் பெரிய கோங்குகள் இரண்டு, அவற்றின் பெயர் தெத்தாவாக். கிடையில் வைத்து அடிக்கும் சின்னக் கோங்குகள் சானாங். கைத்தாளம் கெசி. எல்லாவற்றுக்கும் மேலே செருனாய் கிழித்துக்கொண்டு போகிறது. அதில் நான் ராகம் தேடினேன். கிடைத்தது போலிருக்கும், அடுத்த ஸ்வரம் எனக்குத் தெரிந்த எந்த இடத்திலும் நிற்காது. தாளம் போட்டுப் பார்த்தேன். கோங்கு விழும் இடத்தில் ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் எட்டுக்குள் தடுமாறிவிடும். பத்து நிமிடத்தில் தலைவலி வரும் போலிருந்தது. மகனுடைய கொரியப் பாட்டைக் கேட்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் என் முழங்காலைத் தட்டினார். "கோங்கு தொடக்கம் இல்லை, முடிவு" என்றார்.

இது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இவ்வட்டாரத்துக் கோங்கு இசையெல்லாம் அப்படித்தான். நமக்குத் தாளத்தின் கனம் முதல் அடியில், சமத்தில். இவர்களுக்குக் கனம் கடைசி அடியில். சுற்று போய்ச் சேரும் இடம்தான் கோங்கு. கிளம்பும் இடத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தேன் நான். மறுபடி எண்ணினேன், கோங்கை எட்டாவதாக வைத்து. மத்தளங்கள் எல்லாம் அதை நோக்கி நெருங்குவதும், அந்தக் கீழ்க்குரல் கோங்கு 'டோங்' என்று எல்லாவற்றையும் கீழே இறக்கி வைப்பதும் அப்போதுதான் காதில் விழுந்தது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு செருனாய் கிழிக்கவில்லை. அந்த இழுப்பின் மேல் அது பாட்டுக்கு ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தது.

திரையில் முதலில் வந்தது இலை வடிவத்தில் ஒரு மரம். அடுத்து வந்த உருவத்தின் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தேன்: மகாரிஷி. பிறகு ஸ்ரீ ராமா, சீத்தி தேவி, லக்சமணா. நம் நாட்டில் கடற்படைத் தலைவருக்கு 'லக்சமணா' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இராவணன் இங்கே மகாராஜா வானா. கதையோ நம்முடையது அல்ல. அனுமான் இங்கே ராமனுக்கே மகன். ராமனுடைய பணியாள் பாக் டோகோல் என்ற தொந்திக் கோமாளி, உண்மையில் மாறுவேடத்தில் இருக்கும் பெரிய தெய்வம். அவருக்கென்று தனிப் பாட்டு உண்டு. அந்தப் பாட்டு தொடங்கியதும் குழந்தைகள் எழுந்து திரைக்கருகே ஓடின. பாக் டோகோல் எதைச் சொன்னாலும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ஐந்தில் ஒன்று புரிந்திருக்கும். தும்பாட் நகராட்சிக் குப்பை வண்டியைப் பற்றி என்று நினைக்கிறேன்.

பாதியில் காலை நீட்டக் குடிலுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் நின்றது. அதன்மேல் சாய்ந்தபடி நண்பரின் அப்பா. வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று நான் கேட்கவில்லை. பின்பக்கம் நிழல் தெரியாது. வாத்தியக்காரர்களின் முதுகுதான் தெரியும்.

ஒரு காட்சி முடிந்ததும் செருனாய்க்காரர் படியில் இறங்கி வந்து பெரியவரின் கையைப் பிடித்து முத்தமிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய ஆசிரியரும் பெரியவரும் ஒரே குழுவில் வாசித்தவர்களாம். வாத்தியத்தை நீட்டினார். பெரியவர் தலையசைத்து மறுத்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மிகச் சாதாரணமாக, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது போல, ஒரு சீவாளி இருக்குமா என்று கேட்டார். இளைஞர் ஒரு பழைய ஃபிலிம் டப்பாவைத் திறந்து இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் காரில் ரேடியோ போடவில்லை. நண்பர்தான் பேசினார்.

1990களின் தொடக்கத்திலிருந்து கிளந்தானில் வாயாங் கூலிட், மாயோங் போன்ற கூத்துகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பழைய சடங்குகளும் மந்திரங்களும் சமயத்துக்கு ஒவ்வாதவை என்பது காரணம். மாயோங்கை 2005-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரும்பெரும் மரபு என்று அறிவித்தபோதும் அது பிறந்த ஊரில் பொது மேடை ஏற முடியாதிருந்தது. 2019-இல்தான் நிபந்தனைகளோடு அந்தத் தடை தளர்ந்தது. இதெல்லாம் செய்தித்தாளில் வந்த கதை. நண்பர் சொன்னது அதுவல்ல.

"எல்லாரும் அரசாங்கம் நிறுத்தியது என்பார்கள், அபாங். ஆயோ அப்போதும் அங்கங்கே வாசித்துக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தியது நான். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் பேசினார்கள், உன் அப்பா பேயைக் கூப்பிடுகிறவர் என்று. ஒரு நாள் வாசலில் நின்று அவரிடம் சொன்னேன், இனிமேல் போகாதீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுத்த நாள் போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை."

நான் என்ன சொல்ல? என் கல்யாணக் கதையைச் சொன்னேன். என் பெரியப்பா தோட்டத்துக் கோயிலில் முப்பது வருடம் தவில் வாசித்தவர். என் கல்யாணத்துக்கு மேளக் குழு வைக்கச் சொன்னார். மண்டப வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, குழு வேண்டாம், ஒலிநாடா போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். ஐயர் கையை உயர்த்தியதும் மச்சான் பொத்தானை அழுத்தினார். கெட்டி மேளம் இரண்டு விநாடி கழித்து வந்தது. அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. எல்லாரும் சிரித்தோம், முன்வரிசையில் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீடியோவை இப்போது போட்டாலும் அந்த இரண்டு விநாடி அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் ஊர் சுற்றினோம். கோத்தா பாருவில் சித்தி கதீஜா சந்தை: நாலு பக்கமும் மாடிகள், நடுவில் காய்கறி, கடை போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போனால் மேல்மாடியிலிருந்து ஒரு முறை கீழே பாருங்கள். நீல நிற நாசி கெராபு வாங்கிச் சாப்பிடுங்கள். பூடு பழக இரண்டு வேளை ஆகும், நம் கருவாட்டு மூக்குக்கு அது பெரிய விஷயமில்லை. கூத்து பார்க்க விரும்புகிறவர்கள் நோன்பு மாதத்தையும் வருடக் கடைசி மழைக்காலத்தையும் தவிர்த்துவிட்டுப் போவது நல்லது. விடுதிக்காரரிடம் விசாரித்தால் கோத்தா பாருவின் கெலாங்காங் செனி பண்பாட்டு மையத்தில் என்ன நடக்கிறது, கம்பங்களில் எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள். போனால் கோங்கை எட்டாக எண்ணுங்கள்.

ஜொகூர் திரும்பியதும் வழக்கமான காலை, வழக்கமான நெரிசல். நண்பருடைய முறைக்கு அவர் ராக் போட்டார், என் முறைக்கு நான் இளையராஜா போட்டேன். மாறியது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை மாலைகளில் முழுத் தோடியையும் கேட்கிறோம். முதல் வாரம் நண்பர் பாதியில் தூங்கிவிட்டார். நல்ல வேளை, அன்று ஓட்டியது நான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஊருக்குப் போயிருந்தார். கூடவே இரண்டே வார்த்தை: 'அம்பொ ரெக்கோட்.' நான் பதிவு செய்தேன்.

ஒன்றரை நிமிடம். முதலில் கீச்சென்று ஒரு பிசிறு. நிற்கிறது. யாரோ இருமுகிறார்கள். மறுபடி பிசிறு. பிறகு பிடிபடுகிறது. மெல்லிய, நடுங்கும் ஒலி. நாலைந்து இடத்தில் அறுந்து போகிறது. அந்த வயதில் கன்னத்தில் காற்று நிற்பது சிரமம்தான். ஒவ்வொரு முறை அறும்போதும் பின்னால் கோழி கத்துவது கேட்கிறது. யாரோ ஒரு பெண் சிரிக்கிறார், மாக் சிக்காக இருக்க வேண்டும்.

பக்கத்து அறையிலிருந்து மகன் எட்டிப் பார்த்தான். காதிலிருந்த ஒலிவாங்கிக் குமிழ் ஒன்றைக் கழற்றிவிட்டு, "எந்தக் கோயில்பா?" என்று கேட்டான்.

"உட்கார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.